வாயை மட்டும் அசை

"சத்தம் வேண்டாம்மா. வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று மாஸ்டர் சொன்னபோது ஆணி சிரித்துவிட்டாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களை ஒருமுறை அடுக்கினார், அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினார். ஒரு மனிதர் அடுக்கிய தாளையே அடுக்கிக்கொண்டு நின்றால், அவர் சொன்னது வேடிக்கை இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அது சனிக்கிழமை மதியம். மரச்சாமான் கிடங்குக்கு மேலே ஒரு நீளமான அறை. கீழேயிருந்து வார்னிஷ் வாசனை ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும், ஒரு மாதத்தில் பழகிவிடும். அங்கேதான் வாரத்துக்கு இரண்டு நாள் இளைஞர் சேர்ந்திசைக் குழு பயிற்சி எடுத்தது. இருபத்திரண்டு பேர். எல்லாரும் பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள். வாத்தியம் எதுவும் கிடையாது, வெறும் குரல்தான். நடத்துகிறவர் மற்ற நாட்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பாட்டு சொல்லிக்கொடுக்கும்போதும் அவர் வாயில் லிஃப்ட்தான் வரும். "தளத்துக்குத் தளம் நின்னு ஏறணும், ஒரேயடியாத் தாவக் கூடாது" என்பார். கெட்டவர் இல்லை. கெட்டவரிடமிருந்து வந்திருந்தால் ஆணி திருப்பி நன்றாகக் கேட்டிருப்பாள்.

ஏன் என்று கேட்டாள். போட்டிக்கு இன்னும் ஆறே வாரம்தான் இருக்கிறது, பத்துக் குழுக்கள் வருகின்றன, பாட்டின் கடைசிப் பகுதியில் தனிக்குரல் அவள் தோழி பஞ்சுவுடையது, ஆணியின் குரல் கொஞ்சம் கனம், பக்கத்தில் அது ஒலித்தால் பஞ்சுவின் குரல் பஞ்சுவுக்கே கேட்கவில்லையாம் என்று அவர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

"கேக்கலையாம்னா? யார் சொன்னது?"

"அவளேதான் சொல்றா." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. அதைச் சரிக்கட்டுவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னார். "உன்னை இடம் மாத்திடலாமான்னுதான் நான் கேட்டேன். வேண்டவே வேண்டாம்னுட்டா. அவ என் பக்கத்துலயே நிக்கட்டும், பாட மட்டும் வேண்டாம்னு சொன்னா. உன் மேல அவ்வளவு பிரியம் அவளுக்கு."

பிரியம். ஆணியின் காதில் அந்தச் சொல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியது. நிற்கலாம், ஆனால் இருக்கக் கூடாது. துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்திய பொம்மைக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு, யாரும் அதைப் பாடுவது போல நடிக்கச் சொல்வதில்லை.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து இசைக்கவையை எடுத்து அவள் கையில் வைத்தார். இரண்டு விரல் நீட்டியது போன்ற சின்ன இரும்புத் துண்டு. முழங்காலில் ஒரு தட்டு தட்டிக் காதருகே வைத்தால் எப்போதும் ஒரே ஸ்வரம்தான் சொல்லும். அதைக் கேட்டு, அங்கிருந்து எண்ணி, பாட்டு தொடங்க வேண்டிய சுருதியை முனகிக் காட்ட வேண்டும். மற்ற இருபத்தோரு பேரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இனிமே சுருதி கொடுக்கறது உன் பொறுப்பு. சும்மா ஒண்ணும் இல்லே, பெரிய வேலை" என்றார்.

அவர் அதை ஆறுதல் பரிசாகத்தான் கொடுத்தார். ஆயுதத்தைக் கையில் கொடுக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நிமிஷம் ஆணிக்கே தெரியாது.

ஆணி என்பது அவள் பெயர் இல்லை. குழுவில் சேர்ந்த முதல் மாதம் வைத்த பட்டம். ஒரு ஸ்வரத்தைச் சொல்லி நிற்கச் சொன்னால், பக்கத்தில் யார் எப்படி வழுக்கினாலும் அவள் மட்டும் அடித்த இடத்திலேயே நிற்பாள். "இவ ஆணிடா" என்றார் மாஸ்டர். அது ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது. அதற்கு முன் வாழ்க்கையில் யாரும் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவளைக் கவனித்ததில்லை. பள்ளியில் வருகைப் பதிவில் ஒரு எண். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், மாலையில் வந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

குழுவில் வேறு மாதிரி இருந்தது. ஒருநாள் பேருந்து கிடைக்காமல் அரைமணி நேரம் தாமதமாக ஓடி வந்தாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு எல்லாரும் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அது அவளுடைய இடம். அவள் வராதபோதும் அதை யாரும் அடைக்கவில்லை. அன்று அவள் அந்த இடைவெளியில் போய் நின்றபோது முதல் நான்கு வரி பாடவே முடியவில்லை.

அந்த இடைவெளியின் இடது பக்கம் நின்றவள்தான் பஞ்சு. பல் டாக்டர் மகள். மெல்லிய குரல், ஊதினால் பறக்கும் என்று அதற்குப் பட்டம். ஸ்வரக் குறிப்பு எழுதிய தாளைப் படிக்க ஆணிக்கு வராது. பஞ்சு படிப்பாள். பயிற்சிக்கு அரைமணி முன்னாலேயே வந்து, கிடங்கின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆணி பாட வேண்டியதைப் பஞ்சு ஒருமுறை பாடிக் காட்டுவாள். ஒருமுறை போதும். அப்புறம் பிஸ்கட், அரட்டை, யார் யாரைப் பார்த்தார்கள் என்ற விசாரணை. இரண்டரை வருஷம் அப்படிப் போயிற்று.

அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தமும் இருந்தது. நீண்ட ஸ்வரத்தை யாராலும் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. அதனால் சேர்ந்து பாடுகிறவர்கள் பக்கத்து ஆளோடு முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும், கேட்கிறவருக்கு ஓட்டை தெரியக் கூடாது. பஞ்சுவும் ஆணியும் வைத்துக்கொண்ட சைகை, சுண்டு விரலால் மணிக்கட்டைத் தொடுவது. 'நான் விடறேன், நீ பிடி' என்று அர்த்தம். பஞ்சு தொட்டு ஆணி பிடிக்காமல் விட்டதே இல்லை. ஆணி தொட்டுப் பஞ்சு விட்டது மூன்று முறை. ஆணி அதையெல்லாம் அப்போது எண்ணி வைக்கவில்லை. இப்போதுதான் உட்கார்ந்து எண்ணினாள்.

எண்ண எண்ண இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன் படிக்கட்டில் விளையாட்டாகக் குரலை ஏற்றிப் பார்த்தார்கள். பஞ்சு ஏறி ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் போனால் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. போட்டிப் பாட்டின் கடைசி அடியில் 'வா' என்று நீட்டுகிற உச்ச ஸ்வரம் அந்த இடத்துக்கு ஒரே ஒரு அரைப்படி கீழே. "இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதேடி, மாஸ்டர் தனிக்குரலைப் பிடுங்கிடுவாரு" என்றாள் பஞ்சு. ஆணி சத்தியம் செய்தாள். அப்புறம் சும்மா இருக்க மாட்டாமல் தானும் ஏறிப் பார்த்தாள். பஞ்சு உடைந்த இடத்தைத் தாண்டி, இன்னும் இரண்டு படி மேலே போய், அங்கேயே ஆணியடித்து நின்றாள். படிக்கட்டு முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது. பஞ்சு கைதட்டினாள். "நீ ஏன்டி கீழ்க்குரல்ல கிடக்கே?" என்று கேட்டாள். அங்கேதான் ஆள் குறைவு என்று போட்டார்கள் என்றாள் ஆணி. இருவரும் சிரித்தார்கள்.

சிரித்தவள் நாலு வாரத்தில் போய் மாஸ்டரிடம் 'பாட வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று ஆணிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மன்னிப்பது பெருந்தன்மை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் யாரும் இருபத்தொரு பேர் பாடும்போது நடுவில் நின்று வாயை மட்டும் அசைத்துப் பார்த்தவர்கள் இல்லை. தொண்டை வரைக்கும் பாட்டு வந்து முட்டும். வாயைத் திறந்து, மூச்சை மட்டும் விட வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் தெரியாதது போல நேராகப் பார்ப்பார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் தாடை வலிக்க ஆரம்பித்துவிடும். பஞ்சு மட்டும் வழக்கம் போலச் சிரித்தாள், வழக்கம் போல பிஸ்கட்டை நீட்டினாள். அந்தப் பிஸ்கட்டை ஆணி வாங்கித் தின்றாள். அப்போதே கறுவத் தொடங்கிவிட்டாள், ஆனால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அதை முடிவு செய்து கொடுத்தது அவளுடைய அம்மா. இரண்டு வாரம் கழித்து நூலகத்தின் ஆண்டு விழாவில் குழு மூன்று பாட்டு பாடியது. அம்மா வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் இருபத்திரண்டு சாம்பல் நிற உடுப்புகளையும் சலவைக் கடையில் தன் சொந்த நேரத்தில் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள், மகள் பாடுகிற குழு என்பதற்காக. இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆணி அவளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாயை அசைத்தாள்.

முடிந்து வெளியே வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூட்டில் காய்த்துப்போன கை.

"இத்தனை பேரு பாடறாங்க, ஆனா உன் குரல் எனக்குத் தனியாத் தெரிஞ்சுதும்மா" என்றாள்.

ஆணி சரி என்று தலையாட்டினாள். வீடு வந்து சேரும்வரை அம்மா பேசிக்கொண்டே வந்தாள், அவள் அவ்வளவு பேசுவது அபூர்வம். ஆணியை அவமானப்படுத்தியது போதாதென்று அம்மாவையும் அல்லவா ஏமாளியாக்கிவிட்டார்கள்! அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இசைக்கவையை முழங்காலில் தட்டினாள். காதில் வைத்தாள். எண்ணி, பாட்டின் சுருதியை முனகினாள். அப்புறம் அதைவிட ஒரு அரைப்படி மேலே முனகினாள். அப்புறம் இன்னொரு அரைப்படி.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தொடக்கம் எவ்வளவு ஏறுகிறதோ உச்சமும் அவ்வளவு ஏறும். தளம் ஒன்றில் ஏறுகிறவன் தளம் மூன்றில் ஏறினால், போய் நிற்கிற இடம் மொட்டை மாடி இல்லை, அதற்கும் மேலே, கட்டடமே இல்லாத இடம்.

இதில் மாட்டிக்கொள்ள வழியே இல்லை என்பதுதான் அழகு. மாஸ்டருக்கு நல்ல காது, ஆனால் சுருதி கொடுத்தால்தான் பிடிப்பார், வெறுமனே கேட்டு இது இன்ன ஸ்வரம் என்று சொல்லத் தெரியாது. அது மட்டுமா? குழுவில் ஒரு சட்டமும் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு மேடையில் கொடுத்த சுருதி சரியா தப்பா என்று இரண்டு பையன்கள் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு சுருதியில் தொடங்க, மானமே போயிற்று. அன்றிலிருந்து, கொடுத்த சுருதி கொடுத்ததுதான். தப்பாகவே இருந்தாலும் எல்லாரும் அதையே பிடித்து, அதிலேயே முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் குழுவை விட்டே போக வேண்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சியில் ஒரு அரைப்படி மட்டும் ஏற்றிக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை. இன்று எல்லாரும் சுறுசுறுப்பாக இருக்கிறீர்கள் என்று மாஸ்டர் பாராட்டக்கூடச் செய்தார். 'வா' வந்தபோது பஞ்சுவின் கழுத்தில் நரம்பு புடைத்தது. குரல் உடையவில்லை, ஆனால் விளிம்பில் நின்று ஆடியது. முடிந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாள். "என்னமோ தெரியலடி, இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

"சளி பிடிச்சிருக்கும்" என்றாள் ஆணி. அப்படியானால் இரண்டு அரைப்படி போதும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பயிற்சிகளிலும் சுத்தமான சுருதி கொடுத்தாள். பஞ்சுவுக்குப் பயம் தெளிந்தது. நன்றாகத் தெளியட்டும் என்று விட்டாள்.

ஒரு வாசகத்தையும் தயார் செய்து வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு பஞ்சு அழுதுகொண்டு வருவாள், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாள். அப்போது நிதானமாகச் சொல்ல வேண்டும்: 'வாயை மட்டும் அசைக்கச் சொன்னது நீதானே?' கண்ணாடி முன்னால் அதைச் சொல்லிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிச் சொன்னால் நன்றாக இருந்தது. அந்த ஒரு மாதமும் அவளுக்குப் பசி எடுத்தது, நன்றாகத் தூக்கம் வந்தது. பழிவாங்கப் போகிறவர்கள் இளைத்துப் போவார்கள் என்பதெல்லாம் கதை.

போட்டி நடந்தது ஒரு பெரிய கல்லூரி அரங்கத்தில். பகல் இரண்டு மணி. மேடைக்குப் பின்னால் வகுப்பறை ஒன்றில் அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு. அவர்கள் குழு ஏழாவது. பஞ்சுவின் கை ஜில்லென்றிருந்தது, அது ஆணிக்கு எப்படித் தெரியும் என்றால், பஞ்சு அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது குழு மேடையேறியதும் பஞ்சு தொண்டை மிட்டாய் ஒன்றை எடுத்து, பல்லால் இரண்டாக உடைத்து, பாதியை ஆணிக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு மேடைக்கு முன்னாலும் செய்வது. பாடாதவளுக்கு எதற்குத் தொண்டை மிட்டாய்? இதைவிட ஒருத்தியை எப்படிக் கேலி செய்ய முடியும்? இவளுக்கு உண்மையிலேயே மறந்துவிட்டதா, இல்லை நடிக்கிறாளா?

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அதோடு கரைந்து போயிற்று.

மேடையில் விளக்கு கண்ணைக் கூச வைத்தது. மூன்று வரிசையாக நின்றார்கள். பஞ்சு இடது பக்கம். மாஸ்டர் ஆணியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தாள். இரும்பு பொய் சொல்லவில்லை. எண்ணினாள், சரியான சுருதி நெஞ்சுக்குள் வந்து நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு அரைப்படி மேலே முனகினாள்.

இருபத்தோரு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டரின் கை இறங்கியது.

முதல் அடியிலேயே ஏதோ வித்தியாசம் என்று மாஸ்டரின் புருவத்தில் தெரிந்தது, ஆனால் அவர் போட்ட சட்டம் அவரையே கட்டிப் போட்டுவிட்டது. பாட்டு போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. சுருதி ஏறியதில் எல்லாக் குரலுக்கும் ஒரு பளபளப்பு வந்திருந்தது. ஆணி வாயை அசைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தனிக்குரல் வந்தது. மற்றவர்கள் அடங்கி மெதுவாக முனகினார்கள். பஞ்சு முதல் வரியை எடுத்தாள், இரண்டாவதை எடுத்தாள். குரலில் ஒரு நடுக்கம் வந்தது. ஆணி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி அடி. ஒவ்வொரு படியாக ஏறி, 'வா'வுக்கு முந்தின சொல்லில் பஞ்சு மூச்சை இழுத்தாள்.

அப்போது ஆணியின் மணிக்கட்டில் ஒரு சுண்டு விரல் பட்டது.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதம் எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. தனிக்குரலில் பஞ்சு ஒருபோதும் தொட்டதில்லை. விரல் ஜில்லென்றிருந்தது. தொட்டுவிட்டு எடுக்காமல் அங்கேயே இருந்தது. தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். இப்போது ஆணி அந்த ஸ்வரத்தை எடுத்தால் பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது. அவளால் எடுக்க முடியும். அது அவளுக்கும் பஞ்சுவுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் தொண்டை தானாகவே அதற்குத் தயாராகிவிட்டது.

ஆணி வாயை அகலமாகத் திறந்தாள். அழகாக, சொல்லிக்கொடுத்த மாதிரி, தாடை இறங்கி, நாக்கு படிந்து. மூச்சை மட்டும் விட்டாள்.

பஞ்சுவின் குரல் உடைந்தது. கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு நொடி அரங்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு மற்றவர்கள் தட்டுத்தடுமாறி அடுத்த அடியைப் பிடித்துப் பாட்டை முடித்தார்கள். கைதட்டல் வந்தது, பாவம் என்று தட்டுகிற கைதட்டல்.

அந்த நேரத்தில் ஆணிக்கு எப்படி இருந்தது என்று மறைப்பதில் அர்த்தமில்லை. இனித்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இனித்தது.

வகுப்பறைக்குத் திரும்பியதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மற்றப் பெண்கள் பஞ்சுவிடமிருந்து தள்ளி நின்று குசுகுசுத்தார்கள். பரிசு கைநழுவிப் போனதில் ஒருத்தி அழுதாள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நேராக ஆணியிடம் வந்தார்.

"சுருதி சரியாத்தானே கொடுத்தே?"

ஆணி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பஞ்சு பேசினாள்.

"சுருதியெல்லாம் சரிதான் மாஸ்டர். என் தொண்டைதான் அடைச்சுக்கிச்சு."

குரல் கரகரத்திருந்தது. மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தாள்களை அடுக்கத் தொடங்கினார். ஆணிக்கு நன்றி தோன்றவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காப்பாற்றச் சொல்லி இவளை யார் கேட்டது? தன்னைக் கொடுமைக்காரியாக்கிவிட்டு இவள் நல்லவளாகிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வேனில் ஆணி கடைசிக்கு முந்தின இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஞ்சு கடைசியாக ஏறினாள். முன்னால் இரண்டு இருக்கைகளில் இடம் இருந்தது. ஆனால் அங்கே இருந்த பெண்கள் பைகளை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஒன்றாகப் பாடியவர்கள். பஞ்சு ஒவ்வொரு இருக்கையாகத் தாண்டி வந்து ஆணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் வேன் போயிற்று. இதோ கேட்கப் போகிறாள் என்று ஆணி காத்திருந்தாள். பஞ்சு கேட்கவில்லை, அழவும் இல்லை. பொறுக்க முடியாமல் ஆணியே தயாரித்து வைத்திருந்ததை எடுத்து விட்டாள்.

"வாயை மட்டும் அசைக்கச் சொன்னது நீதானே?"

கண்ணைச் சுருக்க மறந்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்த மாதிரி வரவில்லை.

"ஆமா" என்றாள் பஞ்சு. "நான்தான் சொன்னேன். படிக்கட்டுல நீ ஏறினியே, அன்னையிலேருந்து எனக்குப் பயம். எப்பவாவது மாஸ்டர் காதுல விழுந்தா என் இடம் போயிடும்னு. அதான் போய்ச் சொன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதனால சொல்லவே இல்ல."

இதை மறுப்பாள், மழுப்புவாள் என்று ஆணி நினைத்திருந்தாள். ஆமாம் என்று சொன்னவளிடம் மேலே என்ன சண்டை போடுவது? ஜன்னலுக்கு வெளியே கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"இன்னைக்குச் சுருதியை நீ ஏத்தினதும் தெரியும்" என்றாள் பஞ்சு. "மூணாவது வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு. அந்தச் சனிக்கிழமை ஒரு தடவை ஏத்திப் பார்த்தியே, அது நீதான்னும் அப்பத்தான் புரிஞ்சுது."

ஆணி திரும்பி அவளைப் பார்த்தாள். மேடையிலிருந்து இறங்கிய பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள். பஞ்சுவின் மூக்கு சிவந்திருந்தது.

"நான்தான் பண்ணேன்னு தெரிஞ்சுமா என்னைத் தொட்டே?"

பஞ்சு இஸ்திரி கலையாத சாம்பல் நிறப் பாவாடையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"வேற யாரைத் தொடறது?" என்றாள்.

அதைக் குற்றம் சாட்டுவது போலச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். ஆணியின் மணிக்கட்டில் அந்த ஜில்லென்ற இடம் இன்னும் இருந்தது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை மூன்றாவது வரிசையில் எவ்வளவு இடைவெளி விட்டு நிற்பார்கள், அது யாருக்காக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அதை நினைக்கப் பிடிக்கவில்லை.

பின்னால் இருந்த பையன்கள் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்கள்? வழக்கமாகத் திரும்பி வரும்போது பாடுகிற கோமாளிப் பாட்டை ஒருவன் தொடங்கினான், சுருதி கேட்காமல், வாய்க்கு வந்த இடத்தில். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் பையை வைத்துக்கொண்டவர்களும் சேர்ந்தார்கள். மாஸ்டர்கூட ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். பஞ்சு கரகரத்த குரலில் முனகினாள். இரண்டாவது அடியில் மூச்சு போதாமல் நிறுத்தினாள்.

ஆணி பிடித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தாள். சுலபமான இடம்தான், தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவாள். திறந்த வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொருமுறை முயன்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. வேன் வீடு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, பாட்டு அவளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது, அவள் கடைசி அடி வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.